மண் ஒரு மாநிலம், மாளிகை ஒரு மாநிலம்

பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில். அதைக் காப்பது திருவனந்தபுரம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நீடிக்கும் இந்த விசித்திர ஏற்பாடு மாளிகையைக் காப்பாற்றியிருக்கிறது. மதிலுக்கு வெளியே என்ன நடக்கிறது?

தக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் ஒரு பழைய கற்கோட்டை. அதன் வாசலைத் தாண்டினால் தெரு, வீடு, பெட்டிக்கடை, கோயில். கன்னியாகுமரி மாவட்டத்தின் வேறெந்த ஊரையும் போலத்தான் இருக்கிறது. தெருவைப் பெருக்குவது பத்மநாபபுரம் நகராட்சி. ஏதாவது தகராறு என்றால் வருவது தமிழ்நாடு போலீஸ். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் அடுக்கடுக்கான ஓட்டுக்கூரைகள் தெரிகின்றன. அங்கே நுழைவுச்சீட்டு ஜன்னலில் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்தவர்கள் நீட்டும் பணம் மட்டும் எல்லை தாண்டிப் போகிறது – கேரள அரசின் கஜானாவுக்கு.

பத்மநாபபுரம் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் சொத்து. காவலர்கள், வழிகாட்டிகள், அலுவலர்கள் எல்லோரும் அந்தத் துறையின் ஆட்கள். உடைந்த ஓட்டை மாற்றுவதற்கும், உளுத்த உத்தரத்தைத் தாங்கி நிறுத்துவதற்கும் ஆணை வரவேண்டியது ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால், திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் சுந்தர விலாசம் என்ற இன்னொரு பழைய அரண்மனையிலிருந்து. தொல்லியல் துறையின் இயக்குநரகம் அங்கேதான் இயங்குகிறது.

தஞ்சாவூரையும் மாமல்லபுரத்தையும் பார்த்துப் பழகிய தமிழ்க் கண்ணுக்கு இந்த அரண்மனை முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். வானளாவும் கோபுரம் இல்லை, பளிங்கு இல்லை, பொன் முலாம் இல்லை. ராஜாவின் வீடு என்பதற்குப் பதிலாக ஒரு பெரிய தறவாட்டு வீடு என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் முன்கட்டான பூமுகத்தில் நின்று தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். மேல்தட்டு மரத்தில் 90 பூக்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. நடுவே தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அந்தப் பக்கமே பார்த்தபடி நிற்கும். பக்கத்தில் வழவழவென்று கருங்கல் கட்டில், சீனர்கள் தந்ததாகச் சொல்லப்படும் நாற்காலி. மாடியில் மந்திரசாலை. அதன் சாளரங்களில் கண்ணாடி இல்லை, அபிரகத் தகடுகள். வெளியே கோடை வெயில் கொளுத்தினாலும் உள்ளே வெளிச்சம் ஒரு மாதிரி தணிந்து, குளிர்ந்து வருகிறது. ராஜாவும் மந்திரிகளும் கோபமில்லாமல் பேச வேண்டும் என்று யோசித்துக் கட்டினார்களோ என்னவோ.

தரையைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் குனிந்து தொட்டுப் பார்க்கிறார்கள். முகம் தெரியும் அளவுக்குக் கறுப்பாக மின்னும் அது கல் அல்ல. எரித்த சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, மணல், செடிச் சாறுகள் – இவற்றைச் சேர்த்து அரைத்துப் பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. வழிகாட்டிகள் இந்தப் பட்டியலை நாள் முழுக்க ஒப்பிக்கிறார்கள். பட்டியல் ஊருக்கெல்லாம் தெரியும். எந்தப் பதத்தில் அரைத்தார்கள், எத்தனை நாள் தேய்த்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்ற விதி மரியாதைக்காக மட்டும் ஏற்பட்டதல்ல. ஒரு நாளைக்கு இத்தனை ஜோடிக் கால்கள் நடக்கும் இடத்தில் ஒரு மணல் துகள்கூட அந்த மெருகுக்கு அரம்.

வளாகத்திலேயே பழமையானது தாய்க் கொட்டாரம். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். அங்கே ஒற்றைப் பலாமரத்தில் கடைந்தெடுத்த தூண் ஒன்று இருக்கிறது. அதை அடுத்து ஊட்டுப்புரை: மேலும் கீழுமாக இரண்டு நீண்ட கூடங்கள். ஒரே நேரத்தில் 2,000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். ஊறுகாய் போட்டு வைத்த சீன ஜாடிகள் இன்னும் இருக்கின்றன. முற்றத்தில் ஒரு கல் உருண்டை. திருவிதாங்கூர்ப் படையில் சேர விரும்பும் இளைஞன் அதை 101 தடவை தலைக்கு மேல் தூக்க வேண்டுமாம். இன்று வரும் கல்லூரிப் பையன்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு நகர்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் நிமிர்ந்து நிற்பது உப்பரிகை மாளிகை. நான்கு நிலைகள். மூலிகை மரங்களைச் சேர்த்துச் செய்த கட்டில் ஒரு நிலையில். அதற்கும் மேலே உள்ள அறை மனிதர்களுக்கு உரியதல்ல, பத்மநாப சுவாமி பள்ளிகொள்வதற்கு. சுவர்களில் கேரள மரபு ஓவியங்கள். காவிக் கல், பச்சிலைச் சாறு, விளக்குக் கரி ஆகியவற்றிலிருந்து எடுத்த நிறங்கள். அந்த மரபில் இன்றைக்கு எஞ்சியிருப்பவற்றில் இவை முதல் வரிசையைச் சேர்ந்தவை. மேல்நிலைகளுக்குப் பார்வையாளர்களைச் சாதாரணமாக விடுவதில்லை. கோபித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் சுண்ணாம்புப் பூச்சின் மேல் எழுதிய ஓவியத்துக்கு மனிதர்களின் மூச்சே எதிரி. குறுகலான மர ஏணிப்படியில் கும்பல் ஏறி, சின்ன அறையில் வியர்த்து நின்றால், அந்த ஈரம் போய் ஒட்டுவதற்குச் சுவரைத் தவிர வேறு இடமில்லை.

மரத்தால் ஆன அரண்மனையைக் காப்பது கல் கோயிலைக் காப்பதைப் போன்றதல்ல. கல் கோயிலை நூறு வருடம் கவனிக்காமல் விட்டாலும் புல் முளைத்து நிற்கும். பிறகு சுத்தம் செய்து கொள்ளலாம். மர வீட்டை இரண்டு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் போதும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஓர் ஓடு நகர்ந்தால் கைமரம் நனையும். கைமரம் நனைந்தால் கறையான் வரும். கறையான் உத்தரத்துக்கு இறங்கினால் கூரை தானாக இறங்கும். ஆகவே இங்கே பாதுகாப்பு என்பது கோலாகலமாகத் தொடக்க விழா நடத்திச் செய்யும் வேலை அல்ல. வருஷா வருஷம் ஓடு பிரித்து மேய்வதுதான்.

இந்த வேலை திருவனந்தபுரத்தின் கைக்கு எப்படிப் போனது?

கல்குளம் என்பது ஊரின் பழைய பெயர். வேணாட்டு அரசர்களின் இருப்பிடம். 1729-ல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மர் சிதறிக் கிடந்த சிற்றரசுகளை அடக்கித் திருவிதாங்கூரை உருவாக்கினார். அரண்மனையை விரித்துக் கட்டி, ஊருக்குப் பத்மநாபபுரம் என்று பெயரிட்டார். 1741-ல் குளச்சலில் டச்சுப் படையைத் தோற்கடித்தார். அங்கே பிடிபட்ட டிலனாய் என்ற அதிகாரியே பிற்பாடு திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்து, கோட்டைகளையும் பலப்படுத்தினார். 1777-ல் இறந்த அவருடைய கல்லறை பக்கத்தில் உள்ள உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. அதன் மேல் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மர் நாட்டையே திருவனந்தபுரத்துப் பத்மநாபனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தெய்வத்தின் ஊழியனாக ஆளத் தொடங்கினார். சாமி இருக்கும் இடத்தைத் தேடி அரசும் போனது. அடுத்து வந்த தர்மராஜா காலத்தில், 1795-ல், தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. கல்குளம் மறுபடி கிராமமாயிற்று.

ஒரு வகையில் அதுதான் அதிர்ஷ்டம். தலைநகரத்து அரண்மனைகள் அந்தந்தக் காலத்து மோஸ்தருக்கேற்ப மாறிக் கொண்டேயிருக்கும். ஒதுங்கிப் போன பத்மநாபபுரத்தை இடித்துக் கட்ட யாருக்கும் தேவை ஏற்படவில்லை. 1930-களில், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், அது தொல்லியல் துறையின் பொறுப்பில் வந்து காட்சிக்கூடமாயிற்று. அப்போது துறையை நடத்தியவர் வாசுதேவ பொதுவாள். ஸ்டெல்லா கிராம்ரிஷ், ஜேம்ஸ் கசின்ஸ் ஆகியோருடன் சேர்ந்து திருவிதாங்கூரின் கலைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1948-ல் வெளிவந்தது.

துறையின் பூர்வ கதையைப் பார்த்தால், தமிழர்கள் மார்தட்டிக் கொள்ளவும் இடமிருக்கிறது. திருவிதாங்கூரின் கல்வெட்டுகளை முதலில் தேடிப் படித்து, அவற்றைக் கொண்டு அரசர்களின் காலத்தை நிறுவ முயன்றவர் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரிப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை – 'மனோன்மணீயம்' எழுதியவர், தமிழ்நாடு அரசு விழாக்களில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்தைத் தந்தவர். 1897-ல் 42 வயதில் அவர் இறந்தபோது அந்த வேலை பாதியில் நின்றது. அதைக் கையில் எடுத்தவர் து.அ. கோபிநாத ராவ். 1910 முதல் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை நூல்கள் வெளிவரத் தொடங்கின. அவருக்குப் பின் கே.வி. சுப்பிரமணிய ஐயர், ஏ.எஸ். ராமநாத ஐயர். வட்டெழுத்தும் தமிழும் தெரியாமல் அந்த ராஜ்யத்தின் கல்வெட்டுகளில் பாதியைப் படிக்க முடியாது என்பதால் இது இயல்பாக நடந்தது. தமிழ் மண்ணில் உள்ள அரண்மனையை மலையாள நாட்டு அரசு காக்கிறது என்று வருந்துகிறவர்கள், காக்கும் துறையை வளர்த்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே நினைத்துப் பார்க்கலாம்.

எல்லை பிரிந்த கதை அவ்வளவு மென்மையானதல்ல. தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரி மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11-ல், பட்டம் தாணு பிள்ளை முதல்வராக இருந்தபோது, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. கடைசியில் 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும் பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. கல்குளம் தாலுகாவோடு பத்மநாபபுரம் ஊர் வந்தது. அரண்மனை மட்டும் கேரளத்திடமே தங்கியது.

கோயில்களுக்கு வேறு கணக்கு. அது இந்திய அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 290-ஏ பிரிவின்படி ஆண்டுதோறும் கேரளம் ரூ.46.5 லட்சத்தைத் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்குத் தர வேண்டும், தமிழ்நாடு ரூ.13.5 லட்சத்தை, 1956-ல் தன்னிடம் வந்த பகுதியின் கோயில்களைப் பராமரிக்கத் தர வேண்டும். ஒரு ராஜ்யம் கோயில் நிலங்களை எடுத்துக் கொண்டதற்குப் பதிலாகக் கொடுத்த வாக்குறுதி, இரண்டு மாநிலங்களுக்கு இடையே பங்கிடப்பட்டது. 1956-ல் அது பெரிய தொகை. சட்டப் புத்தகத்தில் அந்த எண்கள் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன.

'நம் மண்ணில் இருக்கிற அரண்மனை நமக்கே வர வேண்டும்' என்ற குரல் கன்னியாகுமரி மாவட்டத்தில் அவ்வப்போது எழும், அடங்கும். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குரல் எழும்போதெல்லாம் சங்கடமான பதில் ஒன்று சில கிலோமீட்டர் தள்ளி இரணியலில் நின்று கொண்டிருந்தது.

இரணியலிலும் ஓர் அரண்மனை. வேணாட்டு அரசர்களுடையதுதான். சேரமான் பெருமாள் இங்கே கல் கட்டிலில் படுத்தபடியே மறைந்தார் என்பது ஊர்க் கதை. 1956-க்குப் பின் அது தமிழ்நாட்டிடம், அறநிலையத் துறையின் கீழ் வந்தது. அதே ஆசாரிகளின் கைவேலை, அதே மரம், அதே மழை. பல ஆண்டுகள் யாரும் ஓடு மாற்றவில்லை. கூரை விழுந்தது, மேல்மாடி சரிந்தது, சிற்ப வேலைப்பாடுள்ள மரங்கள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. செடிகொடிகள் சுவர் ஏறின. உள்ளூர் மக்கள் மனுக் கொடுத்தார்கள். பத்திரிகைகள் படம் போட்டன. நிதி ஒதுக்கீடு, அறிவிப்பு, பார்வையிடல் என்று நாட்கள் ஓடிய பிறகு, சமீப ஆண்டுகளில்தான் சீரமைப்பு வேலை உருப்படியாகத் தொடங்கியது. பத்மநாபபுரத்தையும் இரணியலையும் ஒரே நாளில் பார்க்கிறவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இதை வைத்து, கேரளம் காக்கும் மாநிலம், தமிழ்நாடு கைவிடும் மாநிலம் என்று தீர்ப்புச் சொன்னால் அதுவும் தப்பு. திருவனந்தபுரத்தின் கோட்டைப் பகுதியையே நடந்து பார்க்கலாம். சுவாதித் திருநாள் கட்டிய புத்தன் மாளிகையில் கூரைக்கு அடியில் 122 மரக் குதிரைகள் வரிசையாகப் பாய்கின்றன. அதைத் தாண்டி அக்ரகாரத் தெருக்களுக்குள் போனால் திண்ணை வைத்த வீடும் கான்கிரீட் வீடும் மாறி மாறி வருகின்றன. அரசிடம் உள்ளது தப்பிக்கிறது, வாரிசுகளிடம் உள்ளது விற்பனைக்குப் போகிறது என்பது எல்லைக்கு இரு பக்கமும் பொது. நெடுமங்காட்டில் உமையம்மா ராணியின் கோயிக்கல் கொட்டாரம், நாட்டுப்புறப் பொருள்களும் பழைய நாணயங்களும் வைத்த காட்சிக்கூடமாகப் பிழைத்திருக்கிறது. காரணம், அதுவும் இதே தொல்லியல் துறையிடம் இருக்கிறது. எந்த மாநிலம் என்பதைவிட, தினம் காலையில் கதவைத் திறந்து பெருக்குவதற்குச் சம்பள ஆள் இருக்கிறாரா என்பதுதான் ஒரு பழைய கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இரணியலில் இல்லாமல் போனது அந்த ஆள்.

அப்படிப் பார்த்தால் பத்மநாபபுரத்தின் உண்மையான பிரச்னை அரண்மனைக்குள் இல்லை. அரண்மனை வளாகம் ஆறரை ஏக்கர். அதைச் சுற்றி ஓடும் கோட்டையின் பரப்பு ஏறத்தாழ 185 ஏக்கர். மதிலின் நீளம் சுமார் நான்கு கிலோமீட்டர். கேரளத் துறையின் கவனம் ஆறரை ஏக்கரோடு முடிந்துவிடுகிறது. மீதி நிலத்தில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். சிவராத்திரிக்கு 'சிவாலய ஓட்டம்' ஓடும் பக்தர்கள் தொழும் பன்னிரண்டு கோயில்களில் ஒன்றான நீலகண்ட சுவாமி கோயில் அங்கே இருக்கிறது. ராமாயணக் காட்சிகளை மரப் பலகைகளில் செதுக்கி வைத்த ராமசாமி கோயில் இருக்கிறது. அரண்மனைக்கு வருகிற பஸ் கூட்டத்தில் பத்துக்கு ஒருவராவது அந்தப் பலகைகளைப் பார்க்கப் போவார்களா என்பது சந்தேகம். பெருமழை பெய்யும் வருஷங்களில் கோட்டை மதிலில் அங்கங்கே கல் சரிந்த செய்தி உள்ளூர்ப் பத்திரிகைகளில் வரும். சரிந்த இடத்தில் செடி முளைக்கும்.

2014-ல் மத்திய அரசு இந்த அரண்மனையை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. உத்தேசப் பட்டியல் என்பது வரிசையில் துண்டு போட்டு வைப்பது மாதிரி. அதற்கு மேல் விண்ணப்பம் போக வேண்டும். அந்த விண்ணப்பத்தில் சின்னத்தை எப்படிப் பராமரிப்போம் என்ற திட்டம் இருக்க வேண்டும். சுற்றுப்புறத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று வரையறுக்கும் பாதுகாப்பு வளையமும் பெரும்பாலும் தேவைப்படும். இங்கேதான் சிக்கல். சின்னம் கேரளத்தின் கையில். வளையம் எங்கே வரைந்தாலும் அது விழுவது தமிழ்நாட்டு மண்ணில், தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் வீடு கட்டிக் குடியிருக்கும் மக்களின் மேல். கேரளம் மட்டும் கையெழுத்துப் போட்டு ஆகக்கூடிய காரியமில்லை. வீட்டுக்கு ஒரு மாடி எழுப்ப நினைக்கும் கோட்டைக்குள் உள்ள குடும்பத்திடம், உலகப் பெருமைக்காகப் பொறுத்துக்கொள் என்று சொல்லப் போவது யார், அதற்கு ஈடாக அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? அரண்மனையின் நுழைவுச்சீட்டுப் பணத்தில் ஊருக்குப் பங்கு என்ற பேச்சு வந்தால், எந்த மாநிலத்தின் சட்டசபையில் அதைப் பேசுவது?

நதி நீரில் சண்டை போடும் இரண்டு அரசுகள் ஒத்துழைத்துவிடுமா என்று கேட்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை அவை ஒத்துழைக்கத்தான் செய்கின்றன, அதுவும் இதே அரண்மனையில்.

தலைநகரம் மாறியபோது நவராத்திரிப் பூஜையும் திருவனந்தபுரத்துக்கு மாறியது. அதனால் நவராத்திரிக்கு முன்பு மூன்று தெய்வங்கள் பத்மநாபபுரத்திலிருந்து புறப்படுகின்றன. அரண்மனையின் தேவாரக்கட்டு சரஸ்வதி – கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது ஐதீகம். வேளிமலை குமாரசுவாமி. சுசீந்திரத்தின் முன்னுதித்த நங்கை. புறப்படும் முன் உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாளை எடுத்துக் கொடுக்கும் சடங்கு. ராஜா இல்லாத காலத்தில் அந்த இடத்தில் அரசாங்கம் நிற்கிறது: கேரள அமைச்சரும் தமிழ்நாட்டுப் பிரமுகர்களும் தேவஸ்வம் அதிகாரிகளும். சரஸ்வதிக்கு யானை, மற்ற இருவருக்கும் பல்லக்கு. குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு. நடுவே களியக்காவிளையில் மாநில எல்லை. அது வரை கூட வரும் தமிழ்நாடு போலீஸ் அங்கே விடை கொடுக்க, கேரளப் போலீஸ் மரியாதை செய்து அழைத்துக் கொள்கிறது. வழி நெடுக வீட்டு வாசல்களில் விளக்கும் தட்டமும். எந்த வீடு தமிழ் பேசும் வீடு, எந்த வீடு மலையாளம் பேசும் வீடு என்று விளக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2020-ல் கொரோனா காலத்தில்கூட ஊர்வலத்தை நிறுத்தவில்லை; எளிமையாக நடத்தினார்கள்.

திருவனந்தபுரத்தில் குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலிலும், முன்னுதித்த நங்கை செந்திட்டைக் கோயிலிலும் தங்க, சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் அமர்கிறாள். ஒன்பது மாலைகள், சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகள், நாளைக்கு ஒன்று. கச்சேரி சபைக்காக அல்ல, தேவிக்காக. இந்த மண்டபத்தில் பெண் குரல் ஒலிக்க 2006 வரை ஆயிற்று; முதலில் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். எல்லையோரத்துப் பாறசாலைக்காரர், சங்கீதத்தில் தமிழும் மலையாளமும் பிரித்துப் பார்க்காத தலைமுறையைச் சேர்ந்தவர். 2021-ல் மறைந்தார்.

அந்த நாட்களில் பத்மநாபபுரம் அரண்மனை வழக்கம்போல் திறந்திருக்கும், திங்கட்கிழமை தவிர. அங்கேயும் ஒரு நவராத்திரி மண்டபம் உண்டு. கல் தூண்கள், முகம் பார்க்கும் கறுப்புத் தரை, அரண்மனைப் பெண்கள் மறைந்திருந்து நாட்டியம் பார்த்த மரச் சாளரங்கள். நாடு முழுக்கப் புத்தகங்களைச் சரஸ்வதி முன் அடுக்கி வைக்கும் வேளையில் அந்த மண்டபத்தை ஒட்டிய சந்நிதியில் தேவி இருப்பதில்லை. விஜயதசமி முடிந்து, களியக்காவிளையில் போலீஸ் மறுபடி கைமாறி, தக்கலை வழியாக யானை திரும்பும்வரை அரண்மனை ஊழியர்கள் கதவைத் திறக்கிறார்கள், பெருக்குகிறார்கள், மாலையில் பூட்டுகிறார்கள்.